தொடுதிரையும் தமிழ் எழுத்தும்

எதில் எழுதுகிறோமோ அது நம் எழுத்தையும் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. கல், ஓலை, காகிதம், ஈய அச்சு என்று வந்த வரிசையில் நம் காலத்தில் சேர்ந்தது கைபேசியின் தொடுதிரை. 2008ல் இந்தியாவுக்கு வந்த ஐபோன் 3ஜி-யை எடுத்துக்கொண்டு, ஆரம்ப காலத் தொடுதிரையின் சிறப்பு என்ன, குறை என்ன, அது நம் தமிழை என்ன செய்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொறியாளன் அல்லன். சுனாபட்டியில் அரிசி, வெல்லம், புளி விற்பவன். வியாபாரி எந்தப் பொருளையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவான். அந்த முறையில்தான் இதையும் பார்க்கிறேன்.

எழுத்தாணியிலிருந்து விரலுக்கு

தொடுதிரைக் கைபேசி ஐபோனோடு பிறந்தது அல்ல. 1994லேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சைமன் விற்பனைக்கு வந்துவிட்டது. அரைக்கிலோ எடை. ஒரு சிறு குச்சியால் திரையைத் தொட வேண்டும். நம் நாட்டிலும் 2004ல் பெங்களூரில் அமிடா சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி வெளியானது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது. படிக்காதவரும் பயன்படுத்த வேண்டும், நம் மொழிகளில் பேச வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் உருவான கருவி. ஆனால் சந்தையில் நிற்கவில்லை. அதற்கும் குச்சிதான்.

அந்தக் காலத் திரைகள் பெரும்பாலும் இரண்டு படலங்களால் ஆனவை. மேல் படலத்தை அழுத்தினால் கீழ்ப் படலத்தைத் தொடும். தொட்ட இடம் கருவிக்குத் தெரியும். நகமோ பேனா மூடியோ போதும், ஆனால் அழுத்த வேண்டும். ஐபோன் திரையின் வழி வேறு. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், விரல் பட்டதுமே அந்தப் புலம் சற்று மாறுகிறது. அதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறது. அழுத்தவே வேண்டாம். இரண்டு விரலை வைத்து விரித்தால் படம் பெரிதாகும். குச்சி போயிற்று, விரல் வந்தது. அந்நாளில் அது அதிசயமாகத்தான் இருந்தது.

எங்கள் நயினார் வீடுகளில் ஓலைச்சுவடியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் மணலில் விரலால் எழுதப் போன மாதிரி இருந்தது. ஆனால் மும்பை மழையில் இந்தத் திரை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஈரக் கையை அது சரியாகப் புரிந்துகொள்ளாது. நகத்தால் தொட்டால் கேட்கவே கேட்காது.

விலையும் வசதியும்

2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் ஆகிய இரு நிறுவனங்கள் இதை இந்தியாவில் வெளியிட்டன. 8 ஜிபி கருவி ரூ. 31,000, 16 ஜிபி ரூ. 36,100. அமெரிக்காவில் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பெயரே 3ஜி. ஆனால் அது வந்த நாளில் மும்பையில் 3ஜி சேவையே கிடையாது. அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். 2008 டிசம்பரில் தில்லியில்தான் முதலில் தொடங்கியது. தனியார் நிறுவனங்களுக்கு 2010ல்தான் ஏலம் நடந்தது. அதுவரை வேகமான குதிரையை வாங்கி மாட்டு வண்டியில் பூட்டிய கதைதான்.

மூன்றரை அங்குலத் திரை, இணையம், பாட்டு, வரைபடம் எல்லாம் இருந்தன. வீடியோ எடுக்க முடியாது. கேமராவுக்கு ஃபிளாஷ் இல்லை. மெமரி கார்டு போட இடமில்லை. பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாது. ஒரு வரியை ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் ஒட்ட 2009 ஜூன் வரை வழியில்லை. வந்த எஸ்.எம்.எஸ்.-ஐ அப்படியே இன்னொருவருக்கு அனுப்பவும் அதுவரை முடியாது. ஆரணியிலிருந்து வரும் விலையைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்கு உடனே தள்ளிவிட வேண்டிய வியாபாரிக்கு இது சின்னக் குறையா?

பெரிய குறை

இவற்றில் பல ஒன்றிரண்டு வருடங்களில் தீர்ந்த குறைகள். நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை, அதில் தமிழ் இல்லாததுதான். தமிழில் ஏதேனும் வந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எழுத்துருவைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. யூனிகோடு முறையில் ‘கெ’ என்ற எழுத்து முதலில் ‘க’, பிறகு கொம்பு என்று பதிவாகிறது. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இந்த இடமாற்றத்தைச் செய்ய கருவிக்குள் தனி நிரல் வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் தாறுமாறாக நிற்கும்.

எஸ்.எம்.எஸ். கணக்கும் நமக்கு எதிராகவே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 இடம்தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி. ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கருவிக்கு ஏழு.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005லேயே செல்லினம் மூலம் கைபேசியில் தமிழ் எழுத வழி செய்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்தது 2013ல், ஐஓஎஸ் 7 வந்தபோதுதான். இடையில் ஐந்து வருடம்.

அந்த ஐந்து வருடம் செய்தது

அந்த இடைவெளியில் தமிழர் சும்மா இருக்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டார்கள். ல, ள இரண்டுக்கும் ஒரே எல். ர, ற இரண்டுக்கும் ஒரே ஆர். ‘புளி’ அனுப்பியதாக ஊரிலிருந்து செய்தி வந்தால் ‘புலி’ என்றும் படிக்கலாம். ஜூலை மாதத்தில் ‘வெல்லம் வந்துவிட்டது’ என்று ஆங்கில எழுத்தில் வந்தால், 2005 ஜூலை 26ஐக் கண்ட சுனாபட்டிக்காரன் வெல்லத்தையா நினைப்பான்? சாமானை மேலே தூக்கி வைக்க ஓடுவான்!

எழுத்துக்கு இப்படி நேர்வது புதிதல்ல. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். அதனால் எ, ஏ குழப்பம் நீண்ட காலம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்துத் தெளிவாக்கினார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக 1978ல் தமிழக அரசு ணை, லை, றா, னா போன்றவற்றின் வடிவத்தை மாற்றியது. அப்போதெல்லாம் எழுத்தின் உருவம்தான் மாறியது. தொடுதிரை வந்தபோது எழுத்தே இடம் மாறிப்போயிற்று. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

கருவியின் குறை இன்று இல்லை. ஆனால் பழக்கம் மட்டும் போகவில்லை. ஊரில் இருப்பவன் கடைப் பலகையிலும் பேருந்திலும் தமிழைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மும்பையில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கண்ணில் படும் ஒரே இடம் அநேகமாகக் கைபேசிதான். அங்கேயும் இல்லையென்றால், வீட்டில் தமிழ் பேசும் அடுத்த தலைமுறை பாட்டியின் கடிதத்தைப் படிக்க ஆள் தேடும்.

தமிழ் விசைப்பலகை கடினம் என்று பயப்பட வேண்டாம். 1999ல் சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 முறையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றைக் கொண்டே 247 எழுத்தையும் எழுதிவிடலாம். ‘க’வும் ‘இ’யும் தட்டினால் ‘கி’. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். ஓலையில் விட்டுப்போன புள்ளியை இன்று கருவியே வைத்துத் தருகிறது, பார்த்தீர்களா!

ஆகவே அன்பர்களே, இன்றைக்கே உங்கள் பிள்ளைகளின் கைபேசியில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுங்கள். நாளொன்றுக்கு ஒரு செய்தியாவது தமிழ் எழுத்தில் அனுப்புங்கள். பதிலும் தமிழில்தான் வர வேண்டும் என்று கேளுங்கள். இதற்குக் காலணா செலவில்லை.