மானாவாரி மண் – 11: பதினைந்தாம் நாள் கணக்கு

பெரம்பலூர்ப் பக்கம் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தவர்கள், ஐப்பசி பிறந்ததும் யூரியா தேடி அலையத் தொடங்கிவிடுவார்கள். கடையில் இருப்பு இல்லையென்றால் தூக்கம் போய்விடும். அந்த அலைச்சலுக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விதைத்த பதினைந்தாம் நாள், காட்டில் எத்தனை பயிர் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. விளைச்சலைக் கூட்ட என்ன வழி என்று கேட்கும் சிறு விவசாயிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நெல் தூர் கட்டும் பயிர். நாலு குத்து செத்தாலும் பக்கத்துக் குத்துகள் பெருத்து அந்த இடத்தை ஓரளவு மூடிவிடும். மக்காச்சோளத்துக்கு அந்தக் குணம் இல்லை. இன்றைய வீரிய ஒட்டு ரகங்களில் செடிக்கு ஒரு நல்ல கதிர்தான் கணக்கு. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்று விதைத்தால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி நிற்க வேண்டும். கதிருக்கு 100 கிராம் மணி என்று வைத்தாலே 27 குவிண்டால். அதே காட்டில் 18,000 செடிதான் நிற்கிறது என்றால் கைக்கு வருவது 18 குவிண்டால். இடைவெளி கிடைத்த செடி கொஞ்சம் பெரிய கதிர் விடும், உண்மைதான். ஆனால் காணாமல் போன ஒன்பதாயிரம் கதிரை அதனால் ஈடுகட்ட முடியாது. இல்லாத செடிக்கு யூரியா போட்டுப் பயனும் இல்லை.

எண்ணுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. 22 அடி நீளத்துக்கு ஒரு கயிறு போதும். 60 சென்டிமீட்டர் வரிசையில் 22 அடி என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கயிற்றை வரிசையோரம் நீட்டிப் போட்டு, அதற்குள் நிற்கும் செடிகளை எண்ணி, ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். 27 இருந்தால் குறையில்லை. 20-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். வரப்போரம் ஒன்று, நடுக்காட்டில் இரண்டு, பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நன்றாக நிற்கும் இடத்தில் மட்டும் கயிறு போட மனசு இழுக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பயிர் குறைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் விதைத்த அன்றே தொடங்கியிருக்கும். கரிசலில் மழை ஈரத்தை நம்பி மேலாக விதைத்தால், இரண்டு நாள் வெயிலில் மேல்மண் காய்ந்து முளை கருகும். நாலு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். கட்டி உடையாத உழவில் விதை மண்ணோடு ஒட்டாமல் தொங்கிக் கிடக்கும். போதாததற்கு மயில் வேறு முளையைக் கொத்திக் கிளறிவிடும். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை என்பது போதுமான அளவுதான். விழுந்த விதை முளைக்கிற மாதிரி விழுந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது.

விடுபட்ட இடத்தில் ஊறவைத்த விதையை ஊன்றிச் சொம்புத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் பதினைந்தாம் நாள் வரை காத்திராமல், விதைத்த பத்து நாளுக்குள் அதை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஊன்றியது மூத்த பயிரின் நிழலில் வெளிறி, கதிர் இல்லாத வெறும் தட்டையாக நிற்கும். களையைப் போல உரத்தையும் ஈரத்தையும் அதுவும் பங்கு போட்டுக்கொள்ளும். நாள் தவறிவிட்டால் அந்த இடங்களில் தட்டைப்பயறு ஊன்றுவது மேல். ஆனால் அட்ரசின் களைக்கொல்லி அடித்த காட்டில் பயறு வகை எழும்பாது.

இன்னொரு பக்கம், ஒரே குழியில் இரட்டையாக நிற்கும் செடிகள். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு அம்மாவின் காட்டில் கயிறு போட்டபோது 27 சரியாக வந்தது. அவருக்கு மகிழ்ச்சி. குனிந்து பார்த்தால் ஐந்து இடம் காலி, ஐந்து இடத்தில் இரட்டை. “ரெண்டும் தளதளன்னு நிக்குது தம்பி, எதைப் பிடுங்கச் சொல்றீங்க?” என்றார். இளைத்ததைப் பிடுங்கத்தான் வேண்டும். விட்டால் இரண்டும் விரல் தடிமனில் கதிர் விடும். நிற்கிற செடியின் அடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மற்றதை இழுத்தால் வேர் அசையாது. பிடுங்கியது ஆட்டுக்குத் தீவனமானது.

செடி எண்ணிக்கைக்கு அடுத்தது கதிரின் அளவு. எந்தக் கதிரை உரித்தாலும் மணி வரிசைகள் 14, 16 என்று இரட்டைப்படையில்தான் இருக்கும். கதிரில் எத்தனை வரிசை என்பது செடி முழங்கால் உயரம் வரும்போதே உள்ளுக்குள் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் முதல் ஒரு மாதம் களை நெருக்கக் கூடாது என்கிறோம். முப்பதாம் நாளுக்குப் பிறகு எடுக்கும் களை கண்ணுக்கு அழகு; கதிருக்கு அந்த அளவு உதவாது. இறவைக் காட்டில் தழைச்சத்தை அடியுரமாகக் கால் பங்கு, 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மீதிக் கால் பங்கு என்று பிரிப்பதும் இதை ஒட்டித்தான். மானாவாரியில் மழை ஈரம் பார்த்துத்தான் மேலுரம்.

களைக்கு அடுத்த கவலை புழு. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்ட படைப்புழு, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர்க் காடுகளைச் சல்லடையாக்கியது. அமெரிக்கக் கண்டத்துப் புழு அது. தலையில் கவிழ்த்த ஒய் எழுத்துப் போல வெளிர்கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. முதலில் இலையில் பச்சையம் சுரண்டிய வெள்ளைத் தடம் தெரியும். பிறகு வரிசையாக ஓட்டை. அப்புறம் குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம். எச்சம் தெரிந்த பிறகு அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண், புழு ஆழத்துக்குப் போயிருக்கும். முன்கூட்டிச் செய்ய வேண்டியவை இவை: கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும், இனக்கவர்ச்சிப் பொறி, மருந்தென்றால் இலைமேல் தெளிக்காமல் குருத்துக்குள் இறங்குமாறு ஒவ்வொரு செடிக்கும் அடிப்பது. இரண்டு ஏக்கர்க்காரர் தினம் காட்டைச் சுற்றி வர முடியும், முட்டைக் குவியலைக் கையாலேயே நசுக்க முடியும். இருபது ஏக்கர்க்காரருக்கு அது வாய்க்காது.

பண்ணைக்குட்டையில் ஒரே ஒரு தண்ணீருக்கு வழி இருந்தால் எப்போது விடுவது? முப்பதாம் நாள் மதியம் இலை சுருண்டு நிற்பதைக் கண்டு பதறி விட்டுவிடுகிறார்கள். நான் பொறுக்கச் சொல்வேன். இளம்பயிர் வாட்டத்தைத் தாங்கி எழும். கொண்டையில் ஆண் பூ வெளிவந்து, கதிரில் பட்டு நூல் எட்டிப்பார்க்கும் நாட்களில்தான் ஈரம் குறையவே கூடாது. ஒரு நூலுக்கு ஒரு மணி. வறட்சியில் ஆண் பூ தன் நாளுக்கு மகரந்தம் கொட்டிவிடும், நூல் பிந்திவிடும். கதிரின் அடியில் உள்ள நூல்கள் முதலில் வரும், நுனியில் உள்ளவை கடைசியில். அதனால்தான் காய்ந்த ஆண்டுகளில் கதிர் நுனி மொட்டையாகப் போகிறது.

நூல் வந்து ஒரு வாரம் ஆனதும் நாலைந்து கதிரைப் பறித்து, நூல் அறுந்துவிடாமல் மட்டையை மெதுவாகப் பிரித்து, தலைகீழாக உதறிப் பாருங்கள். மகரந்தம் சேர்ந்து கரு பிடித்த நூல் தானாக உதிரும். உதறியும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மணி பிடிக்கவில்லை.