வரைபடமும் வரவு செலவும் கையில் இருந்தால்...
உள்ளூர்த் தலைவர்களுக்குக் கேரளம் தந்த கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

திருவனந்தபுரம்: தேர்தலில் வென்ற வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் மறுநாள் காலையே மனுக்கள் குவிகின்றன. சாலை, சாக்கடை, குடிநீர், முதியோர் ஓய்வூதியம் என ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை. ஆனால், எந்தப் பணி எந்த அலுவலகத்தின் பொறுப்பு, அதற்கு எவ்வளவு நிதி உள்ளது, யாருக்கு முன்னுரிமை என்பதை உறுப்பினருக்குச் சொல்வார் எவருமில்லை. நல்லெண்ணத்துடன் பொதுவாழ்வுக்கு வந்தவர், சில மாதங்களிலேயே அதிகாரிகளின் அறை வாசலில் காத்திருக்கும் மனுதாரராகி விடுகிறார். ஊருக்கு உழைக்க முன்வரும் தொண்டரின் நிலையும் இதுவே.

இந்த நிலையை மாற்றக் கேரளம் எடுத்த முயற்சிக்கு 30 ஆண்டு வரலாறு உண்டு. நில வரைபடம், ஊரின் வளர்ச்சி அறிக்கை, நிதி ஒதுக்கீட்டுப் பட்டியல், பயிற்சி, தகவல் பெறும் உரிமை என்று உள்ளூர்த் தலைவர்களின் கையில் தரப்பட்ட கருவிகள் பல. அவற்றில் பெரும்பாலானவை தலைநகர் திருவனந்தபுரத்தின் ஆய்வு நிறுவனங்களிலும் திட்டக் குழு அலுவலகத்திலும் உருவானவை. எவை பயன் தந்தன, எவை அலுவலகக் காகிதங்களாகிப் போயின என்பது தமிழகத்துக்கும் பயன்படும் பாடமாகும்.

வரைபடத்தில் தொடங்கிய பயணம்

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக 1991 ஏப்ரல் 18-இல் அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தில் பாடுபட்ட ஆயிரக்கணக்கான தொண்டர்களை அடுத்து எந்தப் பணியில் ஈடுபடுத்துவது என்ற கேள்வி எழுந்தது. 1962-இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையமும் இணைந்து அதற்கு ஒரு விடை கண்டன. ஊராட்சி வளங்களை மக்களே வரைபடமாக்குவது என்பதே அது.

தலைநகரை ஒட்டியிருந்த உள்ளூர் ஊராட்சி இதற்கான தொடக்கக் களங்களில் ஒன்று. உள்ளூர் என்பதே அந்த ஊரின் பெயர். பின்னாளில் அது திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. முறை எளிமையானது. வருவாய்த் துறையின் புல எண் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தொண்டர்கள் ஒவ்வொரு நிலமாக நடந்து சென்று, நிலம் எதற்குப் பயன்படுகிறது, நீர்நிலைகள் எங்குள்ளன, பொதுச் சொத்துகள் எவை என்பனவற்றைக் குறித்தனர். நில அமைப்பு, மண் வகை, நீர்வளம் ஆகியவற்றை அறிவியலாளர்கள் தனியே வரைந்தனர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எங்கு எந்தப் பணி தேவை என்பது பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்றவருக்கும் விளங்கியது. கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி ஊராட்சியில் இதே வழியில் மக்களே ஊரின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்தனர். 'குளத்தைத் தூர்வார வேண்டும்' என்ற பொதுக் கோரிக்கை, 'இன்ன புல எண்ணில் உள்ள குளத்தை' என்ற திட்டவட்டமான கோரிக்கையாக மாறியதுதான் இதன் பயன்.

முதலில் நிதி, பிறகு பயிற்சி

கே. கருணாகரன் தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் 1994-இல் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகராட்சிச் சட்டமும் இயற்றப்பட்டன. 1995 அக்டோபர் 2-இல் புதிய உள்ளாட்சிகள் பொறுப்பேற்றன. 1996-இல் ஈ.கே. நாயனார் தலைமையில் அமைந்த இடதுசாரி அரசு, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளிக்க முடிவெடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17-இல், மலையாளப் புத்தாண்டான சிங்ங மாதம் முதல் நாளன்று, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. திட்டக் குழுத் துணைத் தலைவர் ஐ.எஸ். குலாத்தி, உறுப்பினர் டி.எம். தாமஸ் ஐசக் ஆகியோர் இதை வழிநடத்தினர். உயர்நிலை வழிகாட்டுக் குழுவுக்கு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமை ஏற்றார்.

உள்ளாட்சிகளுக்கு முதலில் திறமை வரட்டும், பிறகு நிதி தரலாம் என்பதே அரசுகளின் வழக்கமான வாதம். கேரளம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. நிதி வருவது உறுதியானதும், அதைச் செலவிடக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் தானாக ஏற்பட்டது. மாநில அளவில் சில நூறு பேருக்கும், அவர்கள் வழியாக மாவட்ட அளவில் பல்லாயிரம் பேருக்கும், இறுதியில் உள்ளூர் அளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கும் படிப்படியாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் இதில் இருந்தனர். முதல் சுற்றுக் கிராம சபைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர்.

கிராம சபையில் எழுந்த கருத்துகள், அலுவலகங்களில் திரட்டப்பட்ட புள்ளிவிவரங்கள், ஊரின் வரலாறு, இயற்கை வளம் அனைத்தும் சேர்ந்து ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு வளர்ச்சி அறிக்கை உருவானது. அதன்மீது கருத்தரங்கு நடத்தி, துறைவாரியாகப் பணிக்குழுக்கள் அமைத்து, திட்டங்கள் எழுதப்பட்டன. எழுதப்பட்டவற்றில் பல, தொழில்நுட்பக் குறைகளும் மதிப்பீட்டுப் பிழைகளும் உடையவையாக இருந்தன. அவற்றைக் களைய, ஓய்வு பெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், வேளாண் அலுவலர்கள் உள்ளிட்டோரைக் கொண்ட தொழில்நுட்பத் தொண்டர் படை அமைக்கப்பட்டது. 4,000-க்கும் மேற்பட்டோர் அதில் பெயர் பதிவு செய்தனர்.

இவற்றைவிட ஆற்றல் மிக்க கருவி ஒன்று சட்டப்பேரவையிலேயே வைக்கப்பட்டது. மாநில நிதிநிலை அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பு என்ற அந்த ஆவணத்தில், ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அந்த ஆண்டு எவ்வளவு நிதி என்பது பெயர் வாரியாக அச்சிடப்படுகிறது. தன் ஊருக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு என்பதை எந்தக் குடிமகனும் எவரையும் கெஞ்சாமல் தெரிந்துகொள்ளலாம். அமைச்சரின் தயவு என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை.

சட்டம் தந்த பிடிமானம்

எஸ்.பி. சென் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1999-இல் உள்ளாட்சிச் சட்டங்கள் விரிவாகத் திருத்தப்பட்டன. ஊராட்சி ஆவணங்களைப் பார்க்கவும் நகல் பெறவும் மக்களுக்கு உரிமை அளிக்கப்பட்டது. மத்திய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல்தான் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. குடிமக்கள் சாசனம் வெளியிடுவது கட்டாயமானது. உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்க ஆம்புட்ஸ்மன் அமைப்பும் உருவானது.

2001-இல் ஏ.கே. அந்தோணி தலைமையில் ஆட்சி மாறியபோது, இயக்கத்தின் பெயர் கேரள வளர்ச்சித் திட்டம் என்று மாற்றப்பட்டது. ஆயினும் உள்ளாட்சிகளுக்கு நேரடியாக நிதி ஒதுக்கும் முறை கைவிடப்படவில்லை. இரு அணிகளும் மாறி மாறி ஆண்டபோதும் அடித்தளம் நிலைத்ததற்கு, அது சட்டத்திலும் நிதிநிலை அறிக்கையிலும் பதிக்கப்பட்டிருந்ததே காரணம்.

பெண்களின் கையில் பதிவேடு

1998 மே 17-இல் மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாயி தொடங்கி வைத்த குடும்பஸ்ரீ, இந்தக் கருவிகளை வீட்டு வாசல் வரை கொண்டு சென்றது. 10 முதல் 20 பெண்கள் கொண்ட அயல்கூட்டம் அதன் அடித்தளம். தலைவர், செயலாளர் ஆகியோருடன் சுகாதாரம், வருவாய் ஈட்டல், அடிப்படை வசதி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தொண்டர் என ஐந்து பேருக்குத் தெளிவான பொறுப்பு வரையறுக்கப்பட்டது. ஏழைக் குடும்பம் எது என்பதைத் தீர்மானிக்க, வருமானச் சான்றுக்குப் பதிலாக ஒன்பது அளவுகோல்கள் தரப்பட்டன. நல்ல வீடு, கழிப்பறை, அருகில் குடிநீர் இருக்கிறதா, பெண்ணே குடும்பத் தலைவரா என்பன போன்ற கேள்விகள் அவை. அக்கம்பக்கத்துப் பெண்களே கண்ணால் கண்டு சரிபார்க்கக் கூடியவை என்பதால், பட்டியலில் தவறான பெயரை நுழைப்பது கடினமானது.

இந்தக் கூட்டங்களில் பதிவேடு எழுதவும் மேடையில் பேசவும் பழகிய பெண்கள், 2010 தேர்தலில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தபோது பெருமளவில் உள்ளாட்சிப் பதவிகளுக்கு வந்தனர். 2021-இல் தொடங்கிய கொடும் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் 64,006 குடும்பங்கள் கண்டறியப்பட்டு, குடும்பத்துக்கு ஒன்றாக நுண் திட்டங்கள் தயாரானதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. 2025 நவம்பர் 1-இல் மாநிலம் கொடும் வறுமையற்றதாக அறிவிக்கப்பட்டபோது, கணக்கெடுப்பின் அடிப்படையை வெளியிடுமாறு பொருளாதார அறிஞர்கள் சிலர் கோரினர். கருவி யார் கையில் இருந்தாலும் அதன் கணக்கு மக்கள் முன் திறந்திருக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை, 1996-இன் உணர்வுக்கு ஏற்றதே.

கருவிகளின் எல்லை

எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று கேரளத்திலும் எவரும் சொல்வதில்லை. 1999-இல் தொடங்கிய இன்பர்மேஷன் கேரளா மிஷன், திட்டப் பணிகளுக்கு சுலேகா, கூட்ட நடவடிக்கைகளுக்கு சகர்மா எனப் பல மென்பொருள்களை உருவாக்கியது. 2024 ஜனவரியில் நகரப் பகுதிகளில் கே-ஸ்மார்ட் செயலி வந்தது. சான்றிதழுக்கு அலைவது குறைந்தது உண்மை. ஆனால் திட்டம் எழுதும் வேலை பணிக்குழுவின் மேசையிலிருந்து கணினித் திரைக்கு நகர்ந்தபோது, தொண்டரின் இடத்தை ஊழியர் பிடித்துக்கொண்டார் என்ற குறையும் உண்டு. ஊரின் எதிர்காலத்தை விவாதித்த கிராம சபைகள், பயனாளிகளைத் தேர்வு செய்யும் கூட்டங்களாகச் சுருங்கிவிட்டன என்பதை ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

திருவனந்தபுரத்தின் குப்பைப் பிரச்னை இன்னொரு சான்று. மாநகரக் குப்பை கொட்டப்பட்ட விளப்பில்சாலை ஆலை, அப்பகுதி ஊராட்சி, மக்கள் ஆகியோரின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகு மாநகராட்சி, வீட்டிலேயே உரமாக்கும் தொட்டிகளையும் வார்டு தோறும் காற்றோட்ட உரத் தொட்டிகளையும் நாடியது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக மக்காத குப்பையைக் கட்டணம் பெற்றுச் சேகரிக்கின்றனர். வீடுகள் அளவில் இது பலன் தந்தது. ஆயினும் 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அந்த இடம் யாருடைய பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின. அதே ஆண்டு டிசம்பரில், திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டது தெரியவந்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி அவை திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன. வார்டுத் தொண்டரின் பதிவேடு வீட்டுக் குப்பையைக் கண்காணிக்கும். பெரிய நிறுவனங்களின் வாசலுக்குள் அதற்கு அதிகாரமில்லை.

தமிழகம் கேட்க வேண்டியது

கேரளத்தில் 1995 முதல் 2025 வரை ஏழு உள்ளாட்சித் தேர்தல்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துள்ளன. தமிழகத்தில் 2016 அக்டோபர் முதல் ஊரக உள்ளாட்சிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், நகர உள்ளாட்சிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இன்றி இருந்தன. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. பயிற்சி பெற வேண்டியவரே பதவியில் இல்லாதபோது எந்தக் கருவியை யாரிடம் தருவது?

மறுபுறம், ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் ஆறாக உயர்த்தப்பட்டன. 2022 நவம்பர் முதல் நகரங்களில் பகுதி சபைகளும் தொடங்கின. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கூட்டத்துக்கு வருவோரின் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் 2015 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. 2018-இல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அதற்கென நடத்திய இயக்கத்துக்கு, கேரள இயக்கத்தின் ஆங்கிலப் பெயரையே சூட்டியது. பெயர் வந்த வேகத்தில் நிதியும் அதிகாரமும் வரவில்லை.

ஊராட்சியின் புல எண் வரைபடம், கடந்த ஆண்டின் வரவு செலவுக் கணக்கு, நடப்பாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை, முந்தைய கூட்டத் தீர்மானங்களின் நிலை ஆகிய நான்கு ஆவணங்களை கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வார்டிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று கோருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவரோ தனி அலுவலரோ, யார் பொறுப்பில் இருந்தாலும் இதைக் கேட்கலாம். திட்ட நிதியில் உறுதியான பங்கு, அதை ஊர் வாரியாக நிதிநிலை அறிக்கையில் அச்சிடுவது என்ற கேரளத்தின் இரு ஏற்பாடுகளை வற்புறுத்துவது அரசியல் கட்சிகளின் கடமை.