நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது?

தபால்காரர் வருகிறார், நம் வீட்டு நாய் குரைக்கிறது, கடிதத்தைப் போட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். தன் குரலுக்கு அஞ்சித்தான் அவர் ஓடினார் என்று நாய்க்கு நினைப்பு! மறுநாள் இன்னும் உரக்கக் குரைக்கிறது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவளின் பாடுதான் திண்டாட்டம். "சும்மா இரு!" என்று நாம் கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பது போலாகிவிடும். பிஸ்கட்டை வீசி அடக்கினாலோ, அதைக் குரைத்ததற்குக் கூலியாகவே பெற்றுக்கொள்ளும். குரைப்பை நிறுத்தி அமைதியாக இருக்கும் அந்த நொடியில்தான் கொடுக்க வேண்டும். வீட்டார் அனைவரும் ஒன்றுபோல, பொறுமையாகச் செய்தால் பலன் தெரியும்.

ஆனால் பகலெல்லாம் குட்டைச் சங்கிலியில் தனியே கிடக்கும் நாய்க்கு இந்தப் பயிற்சி ஏறாது. அது காவலுக்காகக் குரைப்பதில்லை, ஏக்கத்தால் குரைக்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாதிருப்பது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். காலையும் மாலையும் உலாவ அழைத்துச் செல்வோம். தோபித்து நூலில் தோபியாவோடு ஒரு நாயும் வழிநடந்ததே! வயதான நாய் திடீரென்று இரவில் குரைக்கத் தொடங்கினால் வலியோ, காது மந்தமோ காரணமாக இருக்கலாம். கோலை எடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவோம்.