கழுவாமலே விட்டால் என்ன?

செல்போன் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “போர்டைத் தின்னர் போட்டுத்தான் கழுவுகிறேன். சாயங்காலமானால் தலைவலி. வேறு வழி உண்டா?” இப்போதைக்கு ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். இதே கேள்விக்குப் பெரிய கம்பெனிகளும் ஒரு காலத்தில் விடை தெரியாமல் கையைப் பிசைந்தன.

ஈயப்பற்று நன்றாகப் பிடிக்கப் போர்டில் பூசும் சால்டரிங் ஃபிளக்ஸ் பெரும்பாலும் பைன் மரப் பிசின்; வேலை முடிந்ததும் பிசுக்காகத் தங்கிவிடும். அந்தப் பிசுக்கைப் போக்க எண்பதுகளில் எல்லோரும் நம்பியது சி.எஃப்.சி.-113 என்ற கரைப்பான். தீப்பிடிக்காது, 48 டிகிரியிலேயே கொதிக்கும். தொட்டியின் அடியில் கொதிக்க வைத்தால், காற்றைவிடக் கனமான அதன் ஆவி, மேலே ஓடும் குளிர்குழாய்களைத் தாண்டாமல் தேங்கி நிற்கும். போர்டை அதற்குள் இறக்கினால் ஆவி மேலே படிந்து துளியாகி, பிசினைக் கரைத்துக்கொண்டு சொட்டும். வெளியே எடுக்கும்போது போர்டில் ஈரமே இருக்காது. தப்பிப்போன ஆவிதான் வானத்தில் ஓசோனைத் தின்றது. அதைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

மறு வருடம் ஜனவரியிலேயே ஏ.டி. அண்டு டி. நிறுவனம், ஃப்ளோரிடாவின் சிறிய கம்பெனியான பெட்ரோஃபெர்முடன் சேர்ந்து ஒரு மாற்றை அறிவித்தது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கி அடுத்தவன் கண்ணில் பீய்ச்சுவோமே, அந்த எண்ணெயில் இருக்கும் டெர்பீன்தான் அந்த மாற்று! பைன் பிசினும் டெர்பீன் குடும்பம்தான். உறவுக்காரன் கூப்பிட்டதும் கரைந்துவிடுகிறது. ஆனால் இது தீப்பற்றும். காற்றுப்பட்டுப் பழசானால் தோலில் அலர்ஜி தரும். கழுவியபின் தண்ணீரில் அலசி உலர்த்தவும் வேண்டும்.

கழுவத்தான் வேண்டுமா என்று யோசித்தவர்களைத்தான் நான் மெச்சுவேன். கனடாவின் நார்தர்ன் டெலிகாம், மிச்சம் அதிகம் வைக்காத ஃபிளக்ஸுக்கு மாறி, பல இடங்களில் கழுவுவதையே நிறுத்தியது. 1992 பிறந்தபோது அங்கே சி.எஃப்.சி.-113 இல்லை. கழுவியே தீரவேண்டும் என்ற அமெரிக்க ராணுவ விதிகளும் சோதனைகளுக்குப் பிறகு தளர்ந்தன.

மாற்று என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லதல்ல. சீனாவின் சூச்சோவில் 2009இல் ஆப்பிளுக்குத் திரை செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலை, ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறதே என்று போன் திரைகளை ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் துடைக்க வைத்தது. சில வினாடி மிச்சம். பதிலுக்குத் தொழிலாளர்களின் கைகால் மரத்துப்போய் நடையே தடுமாறியது. பாதிக்கப்பட்டவர்கள் 137 பேர் என்று ஆப்பிள் நிறுவனமே 2011இல் ஒப்புக்கொண்டது. போன்களைப் பொருத்தி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் ஹெக்ஸேனை அது தடை செய்ததோ 2014இல்தான்.