முச்சை

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைக் கண்டதுமுதல், தனக்கும் ஒரு பட்டம் வேண்டுமென்று என் பேரன் நச்சரித்தான். அடுத்த நாளே கட்டிக் கொடுத்தேன். மூங்கிலைச் சீவி, நூலால் வரிந்து, மெல்லிய வண்ணத்தாளை ஒட்டினேன். எங்கள் இளமையில் நறுவிலிப் பழமே பசை. விண் பூட்டவும் நான் மறக்கவில்லை. வில்லாக வளைத்த சிலாகையில் நாரை இழுத்துக் கட்டினால், காற்றுப் பட்டு அது அதிர்ந்து கூவும். நார் இறுக இறுக ஒலியும் உயரும்.

வாடைக்காற்றிலே பட்டம் அழகாக ஏறிற்று. பேரனோ சிறிது நேரம் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, நீங்களே பிடியுங்கோ" என்று போய்விட்டான்.

அப்பொழுதுதான் என் தந்தையாரை நினைத்தேன். ஒன்பது வயதில் நான் கட்டிய முதற் பட்டம் சுழன்று சுழன்று மண்ணிற் குத்தியது. அழுதுகொண்டு அவரிடம் கொண்டு சென்றேன். அவர் முச்சையை அவிழ்த்து, "நீயே கட்டு" என்று திருப்பித் தந்தார். அன்று அவர்மீது எனக்கு எழுந்த கோபத்துக்கு அளவில்லை. முச்சையின் மேல்நூலைக் குறுக்கினேன், பின் நீட்டினேன், வாலுக்கு இன்னும் ஒரு முழத் துணி சேர்த்தேன். மூன்றாம் நாள் மாலை பட்டம் வானில் எழுந்து நின்றது. பின்னாளில் விசையையும் சாய்வையும் பள்ளியிற் படித்தபோது, அவை எனக்குப் பழகிய நண்பர்களாகவே தோன்றின.

பேரனுக்குப் பட்டத்தைக் கொடுத்த நான், பட்டங் கட்டும் இன்பத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன் அல்லவா? மறுநாள் முச்சையை அவிழ்த்து அவன்முன் வைத்தேன். முகத்தைச் சுளித்தான். ஆயினும், நூலைக் கையில் எடுத்தான்.