தணிக்கையா, கண்டனமா?

நள்ளிரவு. பக்கம் முடிக்க இருபதே நிமிடங்கள். ஒரு மாநிலச் சட்டசபையில் அமைச்சர் மீது எதிர்க்கட்சிகள் 'சென்ஷர்' தீர்மானம் கொண்டுவந்திருப்பதாக ஏஜென்சி செய்தி. அரைத்தூக்கத்தில் இருந்த நான் (தமிழில் முதுகலைப் பட்டம் வேறு!) சற்றும் தயங்காமல் 'அமைச்சர் மீது தணிக்கைத் தீர்மானம்' என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் ஒரு வாசகர் போனில் கேட்டார்: "மந்திரி எவ்வளவு கையாடிவிட்டார் சார்?"

அவர் மேல் தப்பில்லை. தமிழில் தணிக்கை என்றால் சினிமாவுக்குக் கத்தரி, கணக்குப் புத்தகத்துக்கு ஆடிட். அமைச்சர் மீது வந்ததோ நிர்வாகக் கோளாறுக்கான கண்டனம். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில் நாலு வரித் திருத்தம் வந்தது. முதல் பக்கத் தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

'சென்சார்' வெளியாகும் முன்பே வெட்டுவது. 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்ததும் பத்திரிகைகள் மீது பாய்ந்தது இதுதான். 'சென்ஷர்' நடந்து முடிந்ததைக் கண்டிப்பது. இதையும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் அநேகம். மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொத்த அமைச்சரவை மீதுதான் கொண்டுவர முடியும். நிறைவேறினால் அரசு வீட்டுக்குப் போக வேண்டும். கண்டனத் தீர்மானத்தைத் தனி அமைச்சர் மீதும் கொண்டுவரலாம். காரணம் சொல்லியாக வேண்டும். நிறைவேறினாலும் ராஜினாமா செய்தே தீர வேண்டும் என்று விதி இல்லை. மானம் போகும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பண்டைய ரோமில் 'சென்சார்' என்பது ஒரு பதவி. குடிமக்களைக் கணக்கெடுப்பதும் (சென்சஸ் இவர்களின் உடன்பிறப்பு) ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவர் வேலை. கி.மு. 184இல் அந்தப் பதவிக்கு வந்த கேட்டோ, பட்டப்பகலில் மகள் எதிரிலேயே மனைவியைக் கொஞ்சினார் என்பதற்காக ஒருவரை செனட்டிலிருந்தே நீக்கினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கணக்கெடுப்பு, கண்காணிப்பு, கண்டனம் மூன்றும் அன்று ஒரே ஆள் கையில்!

நம் ஊர் சென்சார் போர்டோ 1983லேயே திரைப்படச் சான்றிதழ் வாரியமாகிவிட்டது. அந்தப் பெயரில் அதை அழைப்பவர்கள்தான் குறைவு.

இன்றும் நிருபர்கள் போனில் செய்தி சொல்லும்போது இரண்டு வார்த்தைகளும் ஒரே மாதிரிதான் காதில் விழுகின்றன. "படத்துக்கா, மந்திரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.