படிக்க முடியாத அறிவித்தல்கள்

2009 மே மாதம் முடிவுற்ற போரில் பார்வையையோ கைகளையோ இழந்தவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பலர் உள்ளனர். பொதுக் கட்டடங்களை இத்தகையோர் அணுகுவதற்கான வசதிகள் குறித்து 2006 ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. இன்றோ அரச அறிவித்தல்களும் படிவங்களும் இணையத்தளங்களிலும் வெளியாகின்றன. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, இணையத்தையும் அணுகத்தக்கதாக்குமாறு கோருகின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில், பொதுத்துறை இணையத்தளங்கள் 'அணுகல் அறிக்கை' ஒன்றை வெளியிட வேண்டுமென விதித்தது. தளத்தில் மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடியாதவை எவை, அவற்றுக்கு மாற்றுவழி என்ன, யாரிடம் முறையிடுவது என்பவற்றை அது கூற வேண்டும். குறைகளை ஒப்புக்கொள்ளும் பகுதியே இவ்வறிக்கையின் உயிர்நாடி என்பது எமது கருத்து. "எமது தளம் அனைவருக்குமானது" என்ற ஒற்றை வரி வரவேற்பு வளைவைப் போன்றதே.

எம்மைப் பொறுத்தவரை அக்குறைகளில் முதலில் எழுத வேண்டியது எழுத்துருவைப் பற்றியாகும். இலங்கையில் பல்லாண்டு காலம் பாமினி எழுத்துருவிலேயே தமிழ் தட்டச்சுச் செய்யப்பட்டது. திரையில் தமிழாகத் தோன்றும் அது, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் 'என்விடிஏ' போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளுக்கு, பாமினியில் 'அம்மா' என்பது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற கோவையாகவே கிடைக்கின்றது. யூனிகோட்டில் எழுதினால் அதே மென்பொருள் தமிழில் வாசிக்கும். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து வெறும் படமாக ஏற்றினாலோ, வாசிக்க எழுத்தே இல்லை.

ஆகவே எந்த ஆவணங்கள் பாமினியில் உள்ளன, எவை படமாக மட்டும் உள்ளன, எப்போது மாற்றப்படும், தளம் எத்திகதியில் பரிசோதிக்கப்பட்டது என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஆங்கிலப் பக்கம் தேறியதைக் கொண்டு தமிழ்ப் பக்கமும் தேறியதாகக் கொள்ளலாகாது. பார்வையற்ற ஒருவரையே அழைத்துத் தமிழ்ப் பக்கத்தைப் பரிசோதிப்பது நன்று.

தொடர்புக்கு மின்னஞ்சல் மட்டும் போதாது. தொலைபேசி இலக்கமும் பொறுப்பான அலுவலரின் பதவியும் வேண்டும். எழுத்தில் கேட்க இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏற்கனவே கூறுகின்றது. 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முல்லைத்தீவு முஸ்லிம் முதியவர் ஒருவர், தமது காணி பற்றிய அறிவித்தலைக் கேட்டறிய பஸ் ஏறி வர நேரக்கூடாது. எந்த இலக்கத்தை அழைத்தால் அது வாசித்துக் காட்டப்படும் என்பதையும் அறிக்கை குறிப்பிட வேண்டும்.